ஊர்ப் பெருமை பேசினால் அது சாதிப் பெருமையில்தான் முடியுமா? கொங்கு நாட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். உலகம் முழுக்க ஒரே துணி, ஒரே தீனி, ஒரே பாட்டு என்று ஆகிவிட்ட பிறகு பிள்ளைகளிடம் "நாம கொங்கு நாட்டுக்காரங்க" என்று சொல்லி வளர்ப்பதில் என்ன இருக்கிறது, ஊர்ப் பெருமை என்று ஆரம்பித்தால் அது சாதிப் பெருமையில் போய்த்தானே நிற்கிறது என்பது அவர் கேட்டதன் சாரம். பன்னிரண்டு வயது மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

சொல்லிக் கொடுங்கள், தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் எதைச் சொல்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்றைக்குக் கொங்குப் பெருமை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில் பெரும்பகுதி கொங்கு நாட்டின் வரலாற்றுக்கே எதிரானது. நாம் யாரோடும் கலக்காதவர்கள், எங்கிருந்தும் எதையும் வாங்காதவர்கள் என்பது மாதிரியான பேச்சு. நொய்யல் கரையில் ஓர் அரை நாள் நடந்தால் அந்தப் பேச்சு நிற்காது.

சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்று ஒரு சிற்றூர். பதிற்றுப்பத்து நல்ல அணிகலனுக்குப் பெயர் போன இடமாகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1980களில் தொடங்கிப் பல முறை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. கிடைத்தது என்ன தெரியுமா? கல்மணி செய்த தொழிற்கூடம். அறுத்தது, பாதி தேய்த்தது, துளை போடும்போது உடைந்தது என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகள். இரும்பு உருக்கிய உலைகள். பெரில் என்கிற பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே கிடைத்தது, சரி; ஆனால் சூதுபவளம் என்கிற சிவப்புக்கல் இந்தப் பக்கத்துக் கல் இல்லை, குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் ஆட்களின் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள், அதில் தமிழ்ப் பெயரும் இருக்கிறது, பிராகிருதப் பெயரும் இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்கும் கிழக்கே கரூருக்கும் போன பெருவழியில் இருந்த ஊர் இது. அந்த வழி நெடுக வெள்ளலூர், கத்தாங்கண்ணி, கரூர் என்று ரோமானியக் காசு தோண்டத் தோண்ட வந்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கல் ஓரிடம், கை ஓரிடம், கழுத்து ஓரிடம் என்று பிழைத்த நாடு நம்முடையது. உலகமயம் 1991இல் வந்து நம் கதவைத் தட்டியது என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரிய மறதி.

அப்புறம் அரச்சலூர். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற வழியில் இருக்கிறது. அந்த ஊர் நாகமலையில் ஒரு குகைத் தளத்தில் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது, கண்டுபிடித்துச் சொன்னவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. தா, தை என்று தாளத்துக்கான எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, எப்படிப் படித்தாலும் ஒத்து வருகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அதைச் செய்தவன் பெயரும் அங்கேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிய வண்ணக்கன் என்றால் மணியின் தரம் பார்ப்பவன். சந்தையில் கல்லின் தரம் பார்த்த ஓர் ஆள், மலைமேல் ஏறி ஆட்டத்தின் எழுத்தைப் பாறையில் பதித்து வைத்திருக்கிறான். இதைவிட ஒரு பிள்ளைக்குச் சொல்ல என்ன வேண்டும்?

கலப்பு அதோடு நின்றதா என்றால் இல்லை. திருமுருகன்பூண்டியில் சுந்தரர் பாடிய பதிகத்திலேயே "வடுக வேடுவர்", அதாவது வடக்கத்தி வேடர், வந்துவிடுகிறார்கள். விசயமங்கலத்தில் இன்றைக்கும் சமணக் கோயில் நிற்கிறது. கொங்கு மண்டலத்தின் பெருமையை நூறு பாட்டாகப் பாடிய கார்மேகக் கவிஞர் அந்த ஊர்ச் சமணர். கொங்குப் பெருமையை முதலில் அடுக்கிச் சொன்னவர்களில் ஒருவரே ஒரு சிறுபான்மை மதத்துக்காரர் என்பதை மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தம். வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் நாயக்கர், சேலத்தில் சௌராஷ்டிரர், கரூரிலும் தாராபுரத்திலும் தமிழ் பேசும் ராவுத்தர், பொள்ளாச்சி தாண்டினால் பாதி மலையாளம், ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், நீலகிரிச் சரிவில் இருளர். இவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதைக் கொங்கு என்று சொன்னால் ஊரில் துணி நெய்ய ஆள் இருக்காது, காட்டில் வழி சொல்ல ஆள் இருக்காது.

இப்போது சாதிக்கு வருகிறேன், உங்கள் உண்மையான கேள்வி இதுதான்.

வள்ளி கும்மி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் யூடியூபில் பார்த்திருப்பாள். ஆசிரியர் நடுவில் நின்று முருகன் வள்ளி கதையை வரி வரியாகப் பாடுவார், சுற்றி நிற்பவர்கள் கை தட்டிக் குனிந்து நிமிர்ந்து அடி மாற்றி வட்டம் சுற்றுவார்கள், பாட்டு ஏற ஏற வேகம் பிடிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஏதாவது ஒரு கோயில் மைதானத்தில் பயிற்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள்: பஞ்சாலை வேலை முடித்து வந்த பெண், பாலிடெக்னிக் பையன், பேரனை இடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வட்டத்தில் சேருகிற அம்மாயி. முதல் வாரம் எல்லோருக்கும் கால் தப்பும். முன்னால் ஆடுகிறவரின் குதிகாலைப் பார்த்தே பழகுவார்கள். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து உள்ளே கொண்டுவந்தார், 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு வட்டத்தில் நிற்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். மரபு என்பது மாறாமல் கிடப்பது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். ஒரு மனிதர் வாசலைத் திறந்துவிட்டதால் ஓர் ஆட்டம் பிழைத்துக்கொண்டது.

அதே வள்ளி கும்மி மேடையில், சொந்தச் சாதிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பெண் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கியதாகவும் செய்தி வந்தது. எனக்கு நெஞ்சே எரிந்தது. பாடுகிற கதை என்ன? வள்ளி குறவர் வீட்டுப் பெண். தினைப்புனத்தில் கவண் கல் எறிந்து கிளி ஓட்டியவள். முருகன் வேடனாக வந்தான், கிழவனாக வந்தான், யானையைக் கூப்பிட்டான், கடைசியில் அவள் மனசுக்குப் பிடித்துத்தான் அவனோடு போனாள், வீட்டாருக்குத் தெரியாமல்தான் போனாள். சாதி தாண்டி, தன் விருப்பத்தில் கட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையை விடிய விடியப் பாடி ஆடிவிட்டு, அதன் பெயரிலேயே பெண் பிள்ளையின் விருப்பத்தைப் பிடுங்குவது அந்தப் பாட்டுக்குச் செய்கிற துரோகம். 2016இல் உடுமலைப்பேட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், காதலித்துக் கட்டிக்கொண்ட ஒரு பையனை வெட்டிக் கொன்றார்கள். அதுவும் கொங்கு நாட்டில்தான் நடந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்ததும் நம் ஊர்களில்தான். ஏனுங்க, வாங்க, சாப்புடுங்க என்று நாம் பேசும் மரியாதைப் பேச்சைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மயங்குகிறார்கள், சந்தோஷம். அந்த "ங்க" தோட்டத்தில் கூலி வேலை செய்தவருக்கு எத்தனை வீட்டில் கிடைத்தது? வயசில் மூத்த ஆளையே "ஏண்டா" என்று கூப்பிட்டவர்கள் நம் பாட்டன்கள். இதையும் மகளிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். பிள்ளைகள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள், அன்றைக்கு நீங்கள் சொன்ன நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

என் நிலை இதுதான்: பிறந்ததில் நாம் செய்தது எதுவும் இல்லை, அதனால் அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஒருத்தர் கையால் செய்தது, பாடியது, வளர்த்தது, இன்றைக்கும் செய்துகொண்டிருப்பது என்று இருக்கிறதே, அதில் பெருமைப்படலாம், அந்தப் பெருமையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. தீரன் சின்னமலை கதையை அவர் சாதிக்காரர்கள் மட்டும் கொண்டாடிய காலம் போய், அவரோடு நின்ற அருந்ததியர் பொல்லான் பெயரும் சேர்ந்து வருகிறது பாருங்கள், அதனால் சின்னமலை சின்னதாகிவிடவில்லை.

கையால் செய்தது என்றதும் எனக்கு பவானிதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, எழவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதலில் விரிப்பது ஜமக்காளம், அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார்கள். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். ஒருத்தர் நாடாவைத் தள்ளிவிட்டால் மற்றவர் அந்தப் பக்கம் வாங்கி இழுத்து, பாவு மாற மிதித்து, இரண்டு பேரும் சேர்ந்தே பலகையை அடிப்பார்கள். ஒருத்தர் வேகமும் மற்றவர் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கரை கோணிவிடும். அதனால்தான் புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி என்று ஜோடியாக ஆயுசு முழுக்க ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பட்டை பட்டையாக வரும், முரட்டு நூல், வருடக்கணக்கில் உழைக்கும். 2005இல் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை விசைத்தறியில் ஓட்டவே கூடாது. ஆனாலும் வெளி மாநில விசைத்தறியில் ஓட்டிய சரக்கு அதே பட்டை போட்டு, அதே பெயரில், பாதி விலைக்கு பவானிக் கடைவீதியிலேயே விற்கிறது. வாங்குவது யார்? நாம்தான். தறிக்குழியில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்கள் பிள்ளைகள் பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், அதில் அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூலி கட்டுப்படியாகாத தொழிலில் "மரபைக் காப்பாத்து" என்று இன்னொருத்தர் பிள்ளையை உட்கார வைப்பது அநியாயம். நியாயமான விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால் தறி ஓடும், அவ்வளவுதான்.

மாட்டுக்கும் இதே கதை. 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானத்தில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து ராத்திரி பகலாக இளவட்டங்கள் உட்கார்ந்தார்கள், சட்டம் திருத்தினார்கள், 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நல்லது. ஆனால் காங்கேயம் மாடு குறைந்ததற்குத் தடை மட்டும் காரணம் இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் கவலை கட்டி இறைத்த காளையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது, உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது, பால் சொசைட்டிக்கு அதிகம் ஊற்ற வேண்டும் என்று கலப்பின மாட்டுக்குப் போனோம். அதோடு கொரங்காடும் போனது. கொரங்காடு என்றால் கிளுவை முள் வேலி கட்டி, கொளுக்கட்டைப் புல்லும் நடுவில் வெள்வேல மரமும் வளர விட்ட மேய்ச்சல் காடு. மழை குறைவான காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் தண்ணீர் பாய்ச்சாமல், உரம் போடாமல் ஆடு மாடு வளர்க்க நம் ஆட்கள் கண்ட வழி. கன்று செவலையாகப் பிறந்து சில மாதத்தில் நிறம் வெளுத்து மயிலையாகும் அழகை நின்று பார்க்க வேண்டும் என்றால் அந்தப் புல் இருக்க வேண்டும். பல இடத்தில் வேலியைப் பிடுங்கி மனை போட்டாகிவிட்டது. 2001இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பன்மை பற்றிய பிரகடனத்தில், இயற்கைக்குப் பல்லுயிர் எப்படியோ மனித குலத்துக்குப் பண்பாட்டுப் பன்மை அப்படி என்று எழுதினார்கள். நம் கொரங்காட்டில் இரண்டும் ஒன்றுதான், ஒன்று போனால் மற்றதும் போகும்.

உலகத்தோடு வியாபாரம் செய்வதை நான் குறை சொல்லவில்லை. கொடுமணல் ஆட்களே அதில்தான் பிழைத்தார்கள். ஆனால் அதே நொய்யலுக்கு நாம் என்ன செய்தோம்? உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுத்தோம், சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டோம். கொடுமணலுக்குப் பக்கத்திலேயே, பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகிப்போனது, அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் விழித்தது. ரோமாபுரிக்கு மணி அனுப்பியவர்களின் வாரிசு என்று பேச வேண்டுமானால் அவர்கள் குடித்த ஆற்றுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே திருப்பூரில் இன்றைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துப் பிள்ளைகள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் நாலைந்து மொழி காதில் விழும். காய்கறிக் கடையில் "அண்ணா, கத்திரிக்கா என்ன விலைங்" என்று சுத்தமாக இழுத்துக் கேட்கிற ஒடியாப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், நம் பேச்சு அவள் வாயில் உயிரோடு இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அந்த இழுவையை வெட்கப்பட்டு விட்டுவிட்டார்கள். 2023 மார்ச்சில் வடக்கத்தியத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்களைப் பரப்பினார்கள், பயந்துபோய் மூட்டை கட்டினவர்கள் உண்டு. அப்போது பல முதலாளிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போய்ப் பேசித் தைரியம் சொன்னார்கள், அது எனக்குப் பெருமை. அதே சமயம் ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்குகிறவர்களும், அவர்களை மரியாதை இல்லாமல் கூப்பிடுகிறவர்களும் நம் ஆட்களே. கனடாவில் உங்களை யாராவது அப்படி நடத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மகளுக்கு. வீட்டில் கொங்குப் பேச்சிலேயே பேசுங்கள், மேடைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை எல்லாம் அவளே செய்யப் பழகட்டும், பையன் இருந்தால் அவனும்தான். அப்புச்சியும் அமுச்சியும் (அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி) உயிரோடு இருந்தால் போனில் அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்து வையுங்கள்: நடவுப் பாட்டு, ஒப்பாரி, எந்த வருடம் பஞ்சம் வந்தது, கிணறு எப்படி வெட்டினார்கள், யார் வெட்டினார்கள். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1960களில் காங்கேயம் பக்கத்தில் வந்து தங்கி, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடியவர்களிடமிருந்து முழுவதுமாகப் பதிவு செய்தார். அவர் உங்கள் கனடாவிலிருந்துதான் இயங்கினார், அந்தக் கதையைப் படக்கதையாகவும் கார்ட்டூனாகவும் கொண்டுவந்தார். அங்கிருந்து வந்து ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், நம் வீட்டுப் பெரியவரிடம் நாம் ஒரு மணி நேரம் கேட்கலாம்.

"நாம என்ன ஆளுக" என்று மகள் கேட்டால் சாதிப் பெயரைப் பதிலாகச் சொல்லாதீர்கள். ஊரைச் சொல்லுங்கள், ஆற்றைச் சொல்லுங்கள், தாத்தா என்ன வேலை செய்தார் என்று சொல்லுங்கள். அவள் பள்ளித் தோழி பஞ்சாபியோ சோமாலியோ, அந்தப் பிள்ளையின் தாத்தா என்ன செய்தார் என்றும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஊருக்கு வரும்போது கோயிலும் மாலும் மட்டும் சுற்றிவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தானே, அது நமக்கு ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழா அப்போதுதான் வரும். குதிரையும் மாடும் ஆடும் தமிழ்நாடு, கர்நாடகா என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து நிற்கும், மாட்டுக்காரர்களிடம் நின்று பேசலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அரச்சலூர் மலைக்கு வெயில் ஏறும் முன்னே காலையில் போய்விடுங்கள், ஊருக்குள் கேட்டால் வழி சொல்வார்கள். பவானி அந்தியூருக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, ஜமக்காளம் வாங்குவதானால் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள், வாங்கும் முன் தறியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், கூட்டிக்கொண்டு போவார்கள்.